பின்வடம் பிடித்த பிள்ளை

ஒஸ்லோவில், வெஸ்ட்லிக்குப் போகும் ரயிலில் அவள் கம்பியைப் பிடித்து நான் ஒருநாளும் கண்டதில்லை. ஒரு காலை முன்னுக்கும் மற்றக் காலைப் பின்னுக்கும் வைத்து, கையில் பையோடு நிற்பாள். ரயில் நிற்கப்போகிறது என்பது சாரதிக்கு முதல் அவளுடைய முழங்காலுக்குத் தெரிந்துவிடும். மெல்லப் பின்பக்கம் சாய்வாள். உடனே பிரேக் விழும். நாங்கள் எல்லோரும் முன்னால் போய் ஆளின் மேல் ஆள் முட்டுவோம். அவள் மட்டும் நட்டுவைத்த தூண் மாதிரி நிற்பாள்.

"எப்பிடியடி பிள்ளை உனக்குத் தெரியுது?" என்று கேட்டால் சிரிப்பாள்.

"ஸ்டேஷன் வருது எண்டு எல்லாருக்கும் தெரியும்தானே அன்ரி. ரயிலை நிப்பாட்ட பிரேக் இருக்கு. எங்களை நிப்பாட்ட என்ன இருக்கு? அதை நாங்கள்தான் பாத்துக்கொள்ளோணும்."

அவள் எங்களுக்கு மேல்மாடியில் இருந்தாள். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பித்தாள். பிறந்தது இதே ஒஸ்லோவில். தாய் தகப்பன் எங்களைப் போல யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி வந்தவர்கள். அதனால் வாயில் எங்கள் தமிழ்தான். பள்ளிக்கூடக் கதை வந்தால் மட்டும் நோர்வேச் சொற்கள் வந்து கலக்கும். இப்போது அவள் வடக்கே, ஹம்மர்பெஸ்டில் படிப்பிக்கிறாள். போய்ப் பல வருடமாகிவிட்டது. பெயரை எழுதினால் கோபிப்பாள். நான் எந்த நாளும் பிள்ளை என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஒரு காரியம் என்று வந்தால் மற்றவர்கள் எப்படித் தொடங்குவது என்று கதைப்பார்கள். அவள் எப்படி நிற்பாட்டுவது என்று கேட்பாள். அவள் சுபாவத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

முதல் பனி விழுந்ததும் கட்டிடத்துப் பிள்ளைகள் சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு பின்பக்க மேட்டுக்கு ஓடுவார்கள். அவளும் போவாள், ஆனால் மேலே ஏறமாட்டாள். பிள்ளைகளை முதலில் அடிவாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போவாள். "எங்கை வந்து நிக்கப்போறியள்? காட்டுங்கோ, பாப்பம்." அவர்கள் ஒரு பனிக்குவியலைக் காட்டுவார்கள். அதைக் காலால் உதைத்துப் பார்ப்பாள். உள்ளே கல் கில் இருந்தால் வேறு இடம். எல்லாம் சரி என்றால்தான் மேலே ஏற விடுவாள். அதற்குப் பிறகு எவ்வளவு வேகமாக வந்தாலும் ஒரு சொல் சொல்லமாட்டாள். அவளே எல்லாரையும் விட வேகமாக, கூச்சல் போட்டுக்கொண்டு வருவாள். யன்னலால் பார்த்துக்கொண்டிருக்கும் நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

ட்வெய்ட்டாக் கடைத்தொகுதிக்குச் சாமான் வாங்கத் தன் காரில் என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். அரிசி மூட்டையைப் பின் இருக்கையில் இருத்தி, மனிதருக்குப் போடுவதுபோலப் பெல்ட் போட்டுவிடுவாள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரி இதைக் கண்டுவிட்டு ஊரெல்லாம் சொன்னாள். "உவள் இண்டைக்கு அரிசிக்குப் பெல்ட் போடுறாள். நாளைக்கு மிளகாய்த்தூளுக்கு ஹெல்மெட் போடுவாள்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. "பிரேக் போட்டாக் கார் நிக்கும். நிக்கச்சொல்லி அரிசிக்கு ஆர் சொல்லுறது?" என்றாள்.

நான் சும்மா விடுகிற ஆள் இல்லை. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தாலும், இந்த ஊர் முதியோர் இல்லத்துச் சமையலறையை இருபது வருடத்துக்கு மேல் நடத்தினவள் நான். என்னை இலேசாக ஏமாற்ற முடியாது. "உன்ரை கதை பிழை பிள்ளை. ஒரு பந்தை உருட்டி விட்டாக் கொஞ்சத் தூரம் போய்த் தானா நிக்குதுதானே?" என்று கேட்டேன்.

"தானா நிக்கேல்லை அன்ரி. நிலம் பிடிச்சு நிப்பாட்டுது. புல்லிலை உருட்டினாக் கெதியா நிக்கும். சீமெந்திலை கொஞ்சம் பிந்தி நிக்கும். ஐஸிலை விட்டுப் பாருங்கோ, அது பாட்டுக்குப் போகும். ஒண்டும் பிடிக்காட்டில் ஒண்டும் நிக்காது."

அன்று இரவு சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவும்போது யோசித்தேன். சமையலறையில் நான் தள்ளின சாப்பாட்டு வண்டி ஞாபகம் வந்தது. அதைக் கிளப்புவதற்கு உடம்பின் பாரம் எல்லாவற்றையும் கொடுக்கவேண்டும். கிளம்பிவிட்டால் ஒரு கை போதும். பிறகு லிஃப்ட் வாசலில் அதை நிற்பாட்ட மறுபடி உடம்பு முழுக்க வேண்டும். பிள்ளை சொன்னது சரிதான் என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. அவ்வளவு கெதியாக ஒத்துக்கொள்ளத் தேவையில்லை.

அவளுக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்தது. லண்டன் மாப்பிள்ளை, நல்ல வேலை, நல்ல நிறம். பெண் பார்க்க வந்தவர்களுக்கு வடையும் பால்தேத்தண்ணியும் நான்தான் செய்து கொடுத்தேன். இரண்டு பேரையும் தனியாகக் கதைக்க விட்டார்கள். கால்மணி நேரத்தில் மாப்பிள்ளை முகம் சிவந்து வெளியே வந்தான். அவர்கள் போனபின் கேட்டேன்.

"என்னடி கேட்டனி?"

"கோவம் வருமோ எண்டு கேட்டன். வரும் எண்டார். அது பரவாயில்லை, எனக்கும் வரும். வந்தா எப்பிடி நிப்பாட்டுவீங்கள் எண்டு கேட்டன். அதுக்குச் சிரிச்சார். திருப்பிக் கேட்டன். அதுக்குத்தான் கோவம் வந்தது."

தாய்க்காரி அழுதாள். கட்டிடத்தில் எல்லோரும் அவளுக்கு ஏதோ குறை என்று கதைத்தார்கள். எனக்கும் அந்த நேரம் மனம் ஒரு மாதிரித்தான் இருந்தது. தேடி வந்த வாழ்வை ஒரு கேள்வியால் திருப்பி அனுப்புகிறாளே, இவளுக்கு எதிலும் ஒரு சந்தோஷம் இல்லையா என்று நினைத்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் கோயிலுக்குத் தேர் வந்தது.

எங்களுடையது சின்னப் பிள்ளையார் கோயில். பழைய களஞ்சியம் ஒன்றை வாங்கித் திருத்திக் கட்டினது. அதுவரை பிள்ளையார் ஒரு சின்ன வண்டியில் கோயிலைச் சுற்றி வருவார். அந்த வருடம் ஊரில் செய்வித்த மரத்தேர் கப்பலில் வந்து இறங்கியது. இரும்புப் பட்டை அடித்த நாலு சில்லு, செதுக்கு வேலை, மேலே ஐயர் நிற்க இடம். பார்த்தவுடன் கை தானாகக் கும்பிட்டது. தெருவில் இழுக்கப் பொலிசிடம் அனுமதியும் எடுத்தாயிற்று.

கோயில் வாசலில் கொஞ்சத் தூரம் மட்டமான தெரு. பிறகு ஒரு வளைவு. வளைவு தாண்டினால் நீளமான இறக்கம். இறக்கத்தின் அடியில் தேரைத் திருப்பிக்கொண்டு அதே தெருவால் ஏறி வரவேண்டும்.

அதற்காகக் கோயிலில் வைத்த கூட்டத்தில் ஆண்கள் எல்லோரும் ஏறி வருவதைப் பற்றியே கதைத்தார்கள். எத்தனை இளந்தாரிகள் வேண்டும், எங்கே நின்று மூச்சு வாங்குவது என்று. பின்வரிசையிலிருந்து அவள் எழும்பினாள்.

"ஏறுறது சரி அங்கிள். இறங்கேக்கை எப்பிடி நிப்பாட்டுறது?"

எல்லோரும் திரும்பி இவரைப் பார்த்தார்கள். இவர் என்று நான் எழுதுவது என் கணவரை. ஊர்க் கோயிலில் தேருக்குக் கட்டை போட்டவர் இவர்தான். ஓடும் சில்லுக்குக் கீழே மரக்கட்டையைக் கொடுத்துத் தேரை நிற்பாட்டுவார். ஒரு பக்கச் சில்லுக்கு மட்டும் கொடுத்துத் திருப்புவார். பெரிய தேரையே அப்படி ஆட்டிவைத்த மனிதர். இந்தத் தேர் வருகிறது என்று கேட்டதிலிருந்து பத்து வயது குறைந்தவர் போல இருந்தார். புதுக்கட்டையைத் தானே சீவி, பலகணியில் வைத்து எண்ணெய் பூசினார்.

"நான் இருக்கிறன் பிள்ளை. கட்டை போட்டா நிக்கும்," என்றார்.

"ஊரிலை கீழை மணல் மாமா. மணலே அரைவாசி பிரேக். இறக்கமும் இல்லை. இஞ்சை தார். மழை பெஞ்சா மரமும் வழுக்கும், இரும்பும் வழுக்கும். கட்டை சில்லோடை சேந்து போகும்."

கோயில் தலைவர் கையை வீசினார். "பௌதிகத்தைப் பள்ளிக்கூடத்திலை வையுங்கோ தங்கச்சி. இது பக்தி விஷயம்."

"இறக்கம் ரெண்டுக்கும் ஒண்டுதான் அங்கிள். பின்னுக்கும் ஒரு வடம் கட்டுவம். ஆக்கள் பிடிச்சுக்கொண்டு வரட்டும்."

ஒரே சத்தம். சாமியைப் பின்னுக்கு இழுக்கிறதோ, எந்த ஊர் வழக்கம் இது, போகிற சாமியை மறிக்கிறதோ என்று ஆளுக்கு ஆள். இவர் ஒன்றும் பேசவில்லை. அது எனக்கு நல்லதாகப் படவில்லை. இவருக்கு உண்மையான அவமானம் என்றால்தான் பேச்சு நிற்கும்.

அடுத்த நாள் அவள் என் கதவைத் தட்டினாள். யாருடையதோ குழந்தை வண்டி, அதற்குள் அரிசி மூட்டை. "வாங்கோ அன்ரி, ஒரு வேலை." ரயிலடிக்கு இறங்கும் பாதைக்குக் கூட்டிப்போனாள். வண்டியின் முன்பக்கம் ஒரு சால்வையைக் கட்டி என் கையில் தந்தாள். "முன்னாலை நிண்டு இழுத்துக்கொண்டு இறங்குங்கோ. நான் சொல்லேக்கை வண்டியை நிப்பாட்டுங்கோ."

இறங்கினேன். ஐந்தாறு அடிதான். வண்டி என்னைவிட வேகமாக வந்தது. "நிப்பாட்டுங்கோ!" என்றாள். சால்வையைப் பிடித்து என்ன செய்வது? அது தொய்ந்துபோய்த் தொங்கியது. வண்டி வந்து என் குதிக்காலில் முட்டியது. அவள் ஓடிவந்து பிடித்தாள்.

"கயித்தாலை இழுக்கத்தான் ஏலும். தள்ள ஏலாது," என்றாள். "இறக்கத்திலை முன்வடம் பிடிக்கிற ஆக்கள் தேரை நிப்பாட்ட மாட்டினம். தேருக்கு முன்னாலை ஓடுவினம், அவ்வளவுதான்."

பிறகு சால்வையைப் பின்பக்கம் கட்டினாள். இந்தமுறை நான் பின்னால் நின்று, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டு இறங்கினேன். ஒரு கையே போதுமாயிருந்தது. நான் நிற்க அது நின்றது.

குதிக்காலைத் தடவிக்கொண்டு நின்றேன். அவள் குரலைத் தாழ்த்தினாள். "அன்ரி, மாமாவின்ரை முழங்காலைப் பாத்தனீங்களோ? நடக்கத் தொடங்கேக்கை ஒண்டுமில்லை. நிக்கேக்கைதான் சுவரைப் பிடிக்கிறார். தேரின்ரை சில்லுக்குப் பக்கத்திலை சுவர் இல்லை."

அது எனக்குத் தெரியும். வீட்டுக்குள்ளேயே மூடி வைத்திருந்த விஷயம். மேல்மாடியில் இருக்கிறவளுக்கும் தெரிந்துவிட்டதே என்று முதலில் சுருக்கென்றது. கட்டை போடவேண்டாம் என்று இவரிடம் சொல்ல என்னால் முடியாது. அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் அணைக்கமாட்டேன். ஆனால் கட்டை வழுக்கினால் சில்லுக்குப் பக்கத்தில் இவர்தான் நிற்பார். வேறு யாரும் அல்ல.

"வடத்தைக் கட்டு பிள்ளை. நான் பிடிக்கிறன்," என்றேன்.

ஐயர்தான் கடைசியில் வழக்கைத் தீர்த்துவைத்தார். "பின்வடம் கட்டினால் தோஷம் வருமோ?" என்று தலைவர் கேட்க, ஐயர் இறக்கத்தை ஒருக்கால் பார்த்தார், தேரை ஒருக்கால் பார்த்தார். "நீங்கள் எல்லாரும் கீழை நிப்பியள். மேலை நிக்கப்போறது நான். வடிவாக் கட்டுங்கோ," என்றார்.

வடம் கட்டியாயிற்று, பிடிக்க ஆள் இல்லை. இளந்தாரிகள் முன்வடத்தை விட்டு வரமாட்டார்கள். பெண்களுக்குப் பின்னால் நின்றால் சாமியின் முகம் தெரியாது என்ற கவலை. நான் ஒவ்வொரு வீடாகப் போனேன். என்னிடம் சமையல் பழகினவர்கள், என் கையால் பத்தியம் சாப்பிட்டவர்கள். எனக்கு இல்லை என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவள் ஒரு நிபந்தனை வைத்தாள்: பின்வடம் பிடிக்கிறவர்கள் குளிர்காலச் சப்பாத்துப் போடவேண்டும்.

"தேருக்குச் சப்பாத்தோ!" என்று பக்கத்து வீட்டுக்காரி நெஞ்சில் கை வைத்தாள்.

"எவ்வளவு பலமா இழுத்தாலும் கடைசியிலை கால் நிலத்தைப் பிடிக்கோணும். கால் வழுக்கினாத் தேர் எங்களையும் இழுத்துக்கொண்டு போகும்."

பிள்ளையார் மன்னிப்பார் என்று நான் சொன்னேன். பட்டுச்சேலைக்குக் கீழே பனிச்சப்பாத்து. ஆவணி மாதம். தெருவை மறித்து நின்ற பொலிஸ் பெண் எங்கள் காலைப் பார்த்துவிட்டு, பனி கொட்டப்போகிறதோ என்பதுபோல வானத்தைப் பார்த்தாள்.

வானமும் சரியில்லாமல்தான் இருந்தது. காலையிலிருந்து தூறல். தார் கறுத்து மினுங்கியது. அரோகரா என்று கூவி முன்வடத்தை இழுத்தார்கள். தேர் முதலில் அசையவில்லை. எல்லோரும் ஒன்றாகக் குனிந்து கொடுத்ததும் ஒரு முனகலோடு கிளம்பியது. கிளம்பினபின் மட்டத் தெருவில் விளையாட்டாகப் போனது. நாங்கள் பின்னால் வடத்தைத் தொய்யவிட்டு நடந்தோம். பக்கத்து வீட்டுக்காரி, "சும்மா ஊர்கோலம் போறம்," என்றாள். இவர் சில்லுக்குப் பக்கத்தில் கட்டையோடு நடந்தார். வளைவில் அழகாகக் கட்டை கொடுத்துத் தேரைத் திருப்பினார். சனம் கைதட்டியது. நான் பெருமையோடு பக்கத்து வீட்டுக்காரியைத் திரும்பிப் பார்த்தேன்.

பிறகு இறக்கம்.

"வடத்தை இறுக்குங்கோ. தொய்ய விடாதேங்கோ," என்று அவள் சொன்னாள். முன்னால் இருந்தவர்கள் இழுக்கவேண்டிய தேவையே இல்லாமல் தேர் தானாக நகர்ந்தது. முன்வடம் தொய்ந்து தரையில் கிடந்தது. இவர் கட்டையைக் கொடுத்தார். சில்லு அதில் ஏறியது. நிற்கவில்லை. கட்டை சில்லோடு சேர்ந்து, ஈரத்தாரில் சீறிக்கொண்டு போனது. அதைப் பிடித்திருந்த இவரும் கூடப் போனார். முழங்கால் மடங்கியது. சுவரைத் தேடுவதுபோலக் கை காற்றில் போனது. சில்லுக்குப் பக்கத்தில் விழுந்தார்.

நான் கத்தினேனா என்று தெரியாது. "இருங்கோ! எல்லாரும் பின்னுக்குச் சாஞ்சு இருங்கோ!" என்ற அவளுடைய சத்தம்தான் கேட்டது. கதிரை இல்லாத இடத்தில் உட்காருவதுபோல அத்தனை பேரும் உட்கார்ந்தோம். சப்பாத்துகள் தாரைப் பிடித்தன. வடம் கையை அறுத்தது. தேர் எங்களை ஒரு அடி இழுத்தது, இன்னும் அரை அடி இழுத்தது. பிறகு நின்றது.

ஒரு சத்தமும் இல்லை. மழை மட்டும்.

"ஏன் நிண்டிட்டுது?" என்று மேலேயிருந்து ஐயர் கேட்டார்.

நான் வடத்தை விடமுடியாது. விட்டால் தேர் போகும். எட்டி எட்டிப் பார்க்கிறேன், முன்னால் நிற்கிறவளின் முதுகுதான் தெரிகிறது. என் உயிர் முழுக்க அந்தக் கயிற்றில் இருந்தது.

அப்போது இவருடைய குரல் கேட்டது. நல்ல கோபமான குரல். "எனக்கு ஒண்டுமில்லை! வேட்டி மாட்டிப்போச்சு!"

சில்லு இவருடைய வேட்டிக் கரையில் ஏறி நின்றிருந்தது. காலுக்கும் சில்லுக்கும் நடுவில் அந்தத் துணி மட்டும்தான். யாரோ தூக்கிவிட வந்தார்கள். கையைத் தட்டிவிட்டார். வேட்டியைத் தானே கிழித்து எடுத்துக்கொண்டு எழும்பினார். பொலிஸ் பெண் தன்னுடைய மஞ்சள் மழைச்சட்டையைக் கழற்றி இவருடைய இடுப்பில் சுற்றிவிட்டாள். அதைப் பார்த்துப் பின்வடத்தில் யாரோ சிரிக்கத் தொடங்கினாள். மற்றவர்களுக்கும் பிடித்துக்கொண்டது. நானும் சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாக வந்தது.

"சிரியுங்கோ, வடத்தை விடாதேங்கோ," என்றாள் பிள்ளை.

முன்னால் நின்றவர்களை அவள் பக்கத்துக்கு ஒதுங்கச் சொன்னாள். இந்தமுறை தலைவரே ஓடி ஓடி ஒதுக்கினார். நாங்கள் ஒரு அடி விட்டோம், தேர் ஒரு அடி போனது. நாங்கள் நிற்க அது நின்றது. அப்படியே குழந்தையை நடத்திக்கொண்டு போவதுபோலப் பிள்ளையாரை அடிவாரம் வரை இறக்கிவிட்டோம். திரும்பி ஏறும்போது இளந்தாரிகள் தங்கள் பலத்தையெல்லாம் காட்டினார்கள். தேர் கோயில் வாசலுக்கு வந்து நின்றபோது தேங்காய் உடைத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கோயில் மண்டபத்தில் இவரை இருத்தி முழங்காலுக்கு எண்ணெய் போட்டேன். மஞ்சள் மழைச்சட்டை இன்னும் இடுப்பில். பிள்ளை மற்றப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, வடம் அறுத்த உள்ளங்கைகளை ஊதிக்கொண்டிருந்தாள். யாரும் அவளைப் பாராட்டவில்லை. எல்லோருக்கும் பசி. சோறு போடுகிற அவசரம்.

இவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் வந்தது. சபையில் விழுந்த மனிதர், என்ன சொல்லுவாரோ என்று. பிறகு தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை."

"ஓம் மாமா."

"வாற வருஷம் பின்வடத்துக்கு எத்தினை பேர் வேணும்?"

அவள் உள்ளங்கையைச் சேலையில் துடைத்தாள். அவருடைய முழங்காலைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"உங்களையும் சேத்தோ மாமா, சேக்காமலோ?"

மண்டபத்தில் சோற்றுச் சட்டி இறக்குகிற சத்தம். இவர் மழைச்சட்டையை இழுத்துச் சரிசெய்தார்.

"சேத்துத்தான்," என்றார்.

எண்ணெய்க் கையோடு நான் எழும்பிப் போய் அவளுக்கும் இவருக்கும் இலை போட்டேன்.